காற்றில் வந்த பாட்டும் கொங்கு தந்த தூரனும்

ஒரு நாட்டின் பண்பாட்டை அறிய வேண்டுமானால் அந்நாட்டு அரண்மனைகளைப் பார்த்தால் போதும் என்று எண்ணியோர் ஒரு காலத்தில் இருந்தனர். அவையில் அரங்கேறியதே பாட்டு; ஏட்டில் ஏறியதே கவி; ஏர் பிடித்தவன் வாயில் பிறந்தது வெறும் ஓசை என்பது அவர்தம் கணக்கு. நாற்று நடும் பெண்ணின் குரலையும், நீர் இறைக்கும் உழவனின் குரலையும், செத்தவனைச் சுற்றி அமர்ந்து அழும் தாயின் குரலையும் இலக்கியத்தின் வாயிற்படிக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே அமர்ந்து யாப்பைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தனர் புலவர் பெருமக்கள்.

அந்த வாயிற்கதவைத் திறந்துவிட்டோர் தமிழகத்தில் சிலர். அவர்களுள் ஒருவர் கொங்கு நாட்டு உழவர் வீட்டில் பிறந்தவர், கணிதம் கற்றவர், கலைக்களஞ்சியம் கண்டவர், இன்று கச்சேரி மேடைகளில் ஒலிக்கும் கீர்த்தனைகள் பலவற்றை இயற்றியவர். பெ. தூரன் என்று சொன்னால் தமிழறிந்தோர் அனைவரும் அறிவர். ஆனால் அவரைக் கலைக்களஞ்சியத்திற்காக நினைப்போர் பலர். கீர்த்தனைக்காக நினைப்போர் பலர். நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்த தூரனை நினைப்போர் மிகச் சிலர். அந்தத் தூரனைப் பற்றியே இன்று நாம் எழுத முற்படுகிறோம். காரணம் இருக்கிறது. அதைக் கட்டுரையின் முடிவில் வாசகர்களே உணர்வார்கள்.

வலசில் பிறந்த மைந்தன்

1908-ம் ஆண்டு செப்டம்பர் 26-ம் நாள், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிக்கு அருகில் உள்ள மஞ்சக்காட்டுவலசு என்னும் சிற்றூரில் பெரியசாமி பிறந்தார். அந்நாளில் அது கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பகுதி. வலசு என்றால் என்னவென்று கொங்கு நாட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிற பகுதியினருக்காகச் சொல்கிறோம்: காட்டையும் மேட்டையும் திருத்தி, கிணறு வெட்டி, நாலைந்து குடும்பங்கள் குடியேறி, நாளடைவில் ஊராக வளர்ந்த இடமே வலசு. கொங்கு நாட்டில் இப்பெயர் கொண்ட ஊர்கள் ஏராளம். தூரன் என்பது கொங்கு வேளாளர் குலங்களுள் ஒன்றன் பெயர். அந்தக் குலப்பெயரையே புனைபெயராகக் கொண்டு அவர் எழுதத் தொடங்கினார். பிறகு பெற்றோர் இட்ட பெயர் பின்னே நிற்க, தூரன் என்ற பெயரே நிலைத்தது.

அவர் சிறுவனாக இருந்த காலத்துக் கொங்கு நாட்டை வாசகர்கள் மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும். மழை குறைந்த மேட்டு நிலம். கம்பும் சோளமும் ராகியும் பருத்தியும் விளையும் காடு. ஆழமான கிணறு. அந்தக் கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவர எருதுகள் பூட்டிய கவலை. எருதுகள் சரிவான வாரியில் கீழ்நோக்கி நடந்தால் சால் மேலே வரும்; பின்னோக்கி வந்தால் சால் கீழே இறங்கும். விடியற்காலையில் தொடங்கினால் வெயில் ஏறும்வரை இதே நடைதான். இந்த நடைக்குத் துணை யார்? பாட்டுதான். ஓட்டுகிறவன் பாடினால் எருதுக்கும் நடை தெரியும். அவனுக்கும் களைப்புத் தெரியாது.

பேசும் தமிழ்ப்படம் வந்தது 1931-ல். சென்னையில் வானொலி நிலையம் தோன்றியது 1938-ல், திருச்சியில் 1939-ல். ஆகவே தூரனின் இளமைக் காலத்தில் சிற்றூரான் ஒருவன் பாட்டுக் கேட்க வேண்டுமானால் இன்னொரு மனிதனின் தொண்டையிலிருந்துதான் கேட்டாக வேண்டும். தொட்டிலுக்கு ஒரு பாட்டு, களையெடுப்புக்கு ஒரு பாட்டு, கும்மிக்கு ஒரு பாட்டு, மணவறைக்கு ஒரு பாட்டு, பிணத்துக்கு ஒரு பாட்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக, இரவு தோறும் உடுக்கை ஒலிக்க நாட்கணக்கில் நீளும் அண்ணன்மார் கதை. பொன்னரும் சங்கரும் பிறந்து வளர்ந்து போரிட்டு மாண்ட வரலாற்றைக் கேட்டுக் கேட்டு, அவர்கள் வீழும் கட்டத்தில் கூட்டத்தில் இருப்போர் அருள் வந்து தாமும் மயங்கி விழும் காட்சியைக் கொங்கு நாட்டுச் சிறுவன் எவனும் மறக்க முடியாது.

இந்தச் செல்வத்தின் நடுவே பிறந்தவர் தூரன். பிறந்தோர் பலர் உண்டு. அது செல்வம் என்று உணர்ந்தவர் சிலரே.

தேர்வை உதறிய மாணவர்

மொடக்குறிச்சியிலும் பின்னர் ஈரோடு மகாஜன உயர்நிலைப் பள்ளியிலும் பயின்ற பெரியசாமி, கல்லூரிப் படிப்புக்காகச் சென்னை சென்றார். எடுத்துக்கொண்ட பாடம் கணிதம். அந்நாளில் உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் சென்னையில் பட்டப் படிப்புப் படிப்பது எளிதான செய்தி அன்று. ஊரே அவனை எதிர்பார்த்திருக்கும். பட்டம் கிடைத்தால் உத்தியோகம். உத்தியோகம் கிடைத்தால் குடும்பத்திற்கு ஏற்றம்.

1931-ம் ஆண்டு மார்ச் 23-ம் நாள் பகத்சிங்கையும் தோழர்கள் இருவரையும் வெள்ளை அரசு தூக்கிலிட்டது. நாடு கொதித்தது. இளைஞர் பெரியசாமி பட்டத்துக்கான இறுதித் தேர்வை எழுத மறுத்துவிட்டார். ஊர்வலத்தில் ஒரு நாள் நடந்துவிட்டு மறுநாள் தேர்வு மண்டபத்தில் நுழைவது அவருக்கு ஒவ்வாததாக இருந்தது. கையில் பட்டமின்றி வெளியேறினார். பிற்காலத்தில் தமிழுக்கே கலைக்களஞ்சியம் தந்த ஆசிரியர் இளமையில் பட்டத்தை வேண்டாமென்று விட்டவர் என்பதை இன்றைய மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

காந்திய நெறியில் தோய்ந்தவர் தூரன். அவர் நடந்த அரசியல் வழியில் நடப்போரும் உண்டு. வேறு வழி நடப்போரும் உண்டு. ஆயினும் கொள்கைக்காக இழக்கத் துணிந்தவனைக் கண்டால், அவன் எந்த அணியில் நின்றாலும் தலை வணங்குவது தமிழர் பண்பு.

சென்னையில் இருந்தபோதே நண்பர்களுடன் சேர்ந்து 'பித்தன்' என்ற பெயரில் இதழ் நடத்தினார். பின்னர் கோபிசெட்டிபாளையத்திலும், அதன்பின் கோவை இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் ஆசிரியப் பணி புரிந்தார். வித்தியாலயம் 1930-ல் தி. சு. அவினாசிலிங்கம் அவர்களால் தொடங்கப்பெற்ற நிறுவனம். பின்னர்ப் பெரியநாயக்கன்பாளையத்தில் வேரூன்றியது. நூல் நூற்பதும் நிலம் உழுவதும் கல்வியின் பகுதியாகக் கருதப்பட்ட அந்தச் சூழலில், சிற்றூர்களிலிருந்து வந்த பிள்ளைகளோடு தூரன் பல ஆண்டுகள் வாழ்ந்தார். குழந்தை உள்ளத்தைப் பற்றியும் மனத்தின் இயல்பைப் பற்றியும் அவர் எழுதிய நூல்களுக்கு இந்த வாழ்வே விளைநிலம்.

தேடித் தொகுக்கும் தொண்டு

தூரனின் வாழ்வைக் கூர்ந்து நோக்கினால் ஓர் இழை தொடக்கம் முதல் இறுதிவரை ஓடுவதைக் காணலாம். சிதறிக் கிடப்பதைத் தேடுவது; தேடியதைச் சேர்ப்பது; சேர்த்ததை வரிசைப்படுத்தி மக்கள் கையில் கொடுப்பது. இதுவே அவர் தம் வாழ்நாள் தொழில் என்று சொல்லிவிடலாம்.

பாரதியார் 1921-ல் மறைந்தார். அவர் சுதேசமித்திரனில் எழுதியவை பழைய இதழ்களின் கட்டுகளுக்குள் புழுதி படிந்து கிடந்தன. தூரன் அவ்விதழ்களைப் புரட்டி, கையால் படியெடுத்து, எந்த எழுத்து எந்த நாளில் வெளிவந்தது என்று காலமுறைப்படி வைத்து, 1953-ல் 'பாரதி தமிழ்' என்னும் நூலை வெளியிட்டார். எழுத்தை மட்டும் பார்க்காமல் எழுதிய நாளையும் பார்க்க வேண்டும் என்னும் ஆராய்ச்சி நெறியைப் பாரதி இயலில் ஊன்றியவர்களுள் அவர் முன்னோடி.

கலைக்களஞ்சியமோ அதனினும் பெரிது. நாடு விடுதலை பெற்ற காலத்தில், அவினாசிலிங்கம் அவர்களின் முயற்சியால் உருவான தமிழ் வளர்ச்சிக் கழகம் அந்தப் பொறுப்பை ஏற்றது. 1948-ல் தூரன் அதன் தலைமை ஆசிரியரானார். முதல் தொகுதி 1954-ல் வந்தது. பத்தாம் தொகுதி 1968-ல் நிறைவெய்தியது. இருபது ஆண்டு உழைப்பு! பௌதிகமும் மருத்துவமும் வானநூலும் தமிழில் எழுத இயலுமா என்று உதட்டைப் பிதுக்கியோர் வாயை அந்தப் பத்துத் தொகுதிகளும் அடைத்தன. அதோடு நின்றாரா? குழந்தைகளுக்கென்று தனியே பத்துத் தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியம் ஒன்றையும் 1976-க்குள் முடித்துக் கொடுத்தார். 1968-ல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது.

இத்தனை அறிஞர்களைக் கட்டி மேய்த்து, இத்தனை ஆயிரம் பக்கங்களுக்குப் பொறுப்பேற்ற மனிதர் பாமரர் பாட்டைக் கேட்கவும் நேரம் ஒதுக்கினார் என்பதே நம்மை வியக்க வைக்கிறது. அவர் திரட்டிய நாடோடிப் பாடல்கள் 'காற்றில் வந்த கவிதை' என்ற பெயரில் நூலாயின. பெயரைப் பாருங்கள்! பேனாவில் பிறக்கவில்லை, பனையோலையில் படுக்கவில்லை, காற்றில் வந்தது, காதில் விழுந்தது, மனத்தில் தங்கியது. நாட்டுப் பாடலின் இலக்கணம் முழுவதும் அந்த மூன்று சொற்களில் அடங்கிவிடுகிறது.

அந்நூலில் அவர் பாட்டை மட்டும் அடுக்கி வைத்துவிட்டு ஒதுங்கவில்லை. யார் பாடுவது, எப்போது பாடுவது, எந்த உணர்ச்சியில் பாடுவது என்று சூழலையும் எடுத்துரைக்கிறார். பாட்டைப் பிடுங்கிக்கொண்டு பாடியவரை மறந்துவிடும் பழக்கம் அவரிடம் இல்லை. காரணம், அந்தப் பாட்டு அவருக்கு ஆராய்ச்சிப் பொருள் ஆகுமுன்பே வீட்டுப் பொருளாக இருந்தது.

மேல்நாட்டில் நடந்தது

இதே காலத்தை ஒட்டி மேல்நாட்டில் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். இங்கிலாந்தில் தொழிற்சாலைகள் பெருகி, சிற்றூர்கள் ஒடுங்கி, பழைய பாட்டுகள் மறையத் தொடங்கிய வேளையில் 1898-ல் நாட்டுப்பாடல் கழகம் ஒன்று தோன்றியது. 1903-ம் ஆண்டு, சோமர்செட் பகுதியில் ஹாம்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில், பாதிரியார் வீட்டுத் தோட்டக்காரர் ஒருவர் புல் வெட்டிக்கொண்டே பாடியதைச் செசில் ஷார்ப் என்னும் இசை ஆசிரியர் கேட்டார். உடனே அதைக் குறித்துக்கொண்டார். அன்று தொடங்கி 1924-ல் இறக்கும்வரை ஊர் ஊராகச் சென்று பாட்டுத் தேடினார். கடல் கடந்து அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளுக்கும் போனார். புகழ்பெற்ற இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் 1905-ல் கிங்ஸ் லின் துறைமுகத்து மீனவர்களிடம் பாட்டுக் கேட்டு எழுதினார்.

அந்நாட்டு நாட்டுப்புறத்தில் மதுவிடுதி என்பது குடிக்கும் இடம் மட்டுமன்று. ஊரார் கூடும் சாவடி. சபோக் பகுதியில் பிளாக்ஸால் என்னும் ஊரின் கப்பல் விடுதி பாட்டுக்கே பெயர் போனது. அங்கே சபைத் தலைவர் போல ஒருவர் அமர்ந்து, ஒருவர் பின் ஒருவராகப் பாட அழைப்பார். பாடும்போது மற்றவர் பேசக்கூடாது. அதே பகுதியில் ஈஸ்ட்பிரிட்ஜ் ஊர் விடுதிக்கு 1939-ல் பி.பி.சி. வானொலியே நேரில் சென்று, பண்ணையாட்கள் பாடியதை நாடறிய ஒலிபரப்பியது. ஷெபீல்டு நகரை அடுத்த சிற்றூர்களில் இன்னொரு வேடிக்கை. தேவாலயம் காலத்திற்கு ஒவ்வாதவை என்று தள்ளிவிட்ட பழைய கிறிஸ்துமஸ் பாடல்கள் அங்கே மதுவிடுதியில் அடைக்கலம் புகுந்தன. இன்றும் நவம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸ் முடியும்வரை ஊரார் கூடிப் பாடுகின்றனர். வெளியூர்ப் பயணிகள் தேடிச் சென்று கேட்கின்றனர்.

இதை ஏன் சொல்கிறோம்? மேல்நாட்டான் செய்தான், ஆகவே நாமும் செய்வோம் என்று சொல்வதற்காக அன்று. பாட்டு பிழைத்திருக்க இரண்டு வேண்டும் என்பதைக் காட்டுவதற்காகவே சொல்கிறோம். ஒன்று, குறித்து வைக்கும் கை. மற்றொன்று, கூடிப் பாடும் இடம். இங்கிலாந்தில் கையும் கிடைத்தது; இடமும் ஓரளவு நிலைத்தது. நம் கொங்கு நாட்டில் தூரன் போன்றோரின் கை கிடைத்தது. இடம் என்னவாயிற்று?

பாட்டு வாழ்ந்த இடம்

நம் பாட்டின் இடம் நான்கு சுவருக்குள் இருந்ததில்லை. கிணற்று மேடு, களத்துமேடு, காடு, கோயில் திடல், மணப்பந்தல், இழவு வீடு இவையே அதன் அரங்குகள். 1932-ல் பைகாரா மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவையில் ஆலைகள் பெருகின. நாளடைவில் மின்சாரம் கிணற்றுக்கும் வந்தது, பம்புசெட் வந்தது, கவலை ஓய்ந்தது. எருதுக்கும் உழவனுக்கும் விடுதலை கிடைத்தது. அதை நாம் குறை கூறமாட்டோம். மனிதன் முதுகு ஒடிய உழைத்தால்தான் பாட்டுப் பிறக்கும் என்றால் அந்தப் பாட்டே வேண்டாம் என்போம். ஆனால் வேலை போனபோது வேலையோடு பிறந்த பாட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போயிற்று. சால் கிடந்து துருப்பிடித்ததைக் கண்டோர் உண்டு. பாட்டு மறைந்ததைக் கண்டவர் யார்?

தூரனைப் போன்ற சிலர் கண்டனர். ஆகவேதான் விரைந்து எழுதினர். ஆனால் ஏட்டில் எழுதினால் சொல் நிற்கும்; பண் நிற்குமா? தாலாட்டின் இழுப்பையும் ஒப்பாரியின் விம்மலையும் அச்செழுத்து தாங்காது. இதைத் தூரனைவிட நன்கு உணர்ந்திருக்கக் கூடியவர் எவர்? அவர் தாமே இசைப்புலவர். ஏறத்தாழ 600 கீர்த்தனைகள் இயற்றியவர். 1943-ல் அண்ணாமலை அரசர் நிறுவிய தமிழிசைச் சங்கம், 1972-ல் அவருக்கு இசைப் பேரறிஞர் என்னும் பட்டம் சூட்டியது. தமிழில் பாடினால் இசையாகுமா என்று கேட்ட காலத்தில், தமிழ்ச் சொல் ராகத்தோடு எவ்வளவு இழையும் என்பதைத் தூரனின் பாடல்கள் காட்டின. மாண்டு ராகத்தில் கண்ணனை அழைக்கும் பாட்டும், பெஹாக் ராகத்தில் குறும்புக் கண்ணனைச் சித்திரிக்கும் பாட்டும் இன்றும் மேடைகளில் ஒலிக்கின்றன. அவற்றில் அருஞ்சொல் தேடித் தவிக்க வேண்டியதில்லை. வீட்டில் பேசும் சொல்லே ராகம் பூண்டு நிற்கிறது. மஞ்சக்காட்டுவலசுக் காற்று கச்சேரி மேடைவரை வீசியிருக்கிறது என்று நாம் கருதுவது மிகையாகாது.

பண்ணையும் பிடித்து வைக்கும் வாய்ப்புப் பின்னர் வந்தது. 1965-ல் பிரெண்டா பெக் என்னும் ஆராய்ச்சியாளர் காங்கேயம் பகுதியில் ஓலப்பாளையம் என்னும் சிற்றூரில் தங்கி, அண்ணன்மார் கதையை இரவு இரவாகப் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். பின்னாளில் அது சென்னையிலிருந்து தமிழும் ஆங்கிலமுமாக நூல் வடிவிலும் வந்தது. கவிஞர் சக்திக்கனல் 1971-ல் அண்ணன்மார் சுவாமி கதையை நூலாக்கினார். கலைஞர் மு. கருணாநிதி அக்கதையைப் 'பொன்னர் சங்கர்' என்னும் புதினமாக வடித்தார். 2011-ல் அது திரைப்படமாகவும் வந்தது. உடுக்கையடிப் பாடகன் தொண்டையில் இருந்த கதை ஒலிநாடா, நூல், புதினம், படம் என நான்கு உருவம் எடுத்துவிட்டது. அந்தப் பாடகனின் பிள்ளை என்ன தொழில் செய்கிறான் என்று கேட்டவர் உண்டா?

இன்றும் ஒலிக்கிறது

பாட்டு அடியோடு அழிந்துவிட்டது என்று புலம்புவது நம் நோக்கமன்று. கொங்கு நாட்டில் பயணம் செய்கிறவன் காதைத் தீட்டிக்கொண்டு சென்றால் இன்றும் கேட்கலாம். பங்குனி, சித்திரையில் மாரியம்மன் கோயில்களில் கம்பம் நட்டுவிட்டால், இரவு தோறும் இளைஞர்கள் பறை முழக்கத்திற்கேற்பக் கம்பத்தைச் சுற்றி ஆடுவர். தைப்பூசத்தையொட்டிப் பழனிச் சாலையில் காவடிக் கூட்டத்தோடு நடந்தால் வழியெல்லாம் பாட்டுத்தான். மாசியில் மணப்பாறையை அடுத்த வீரப்பூருக்குச் சென்றால் அண்ணன்மார் வரலாறு பெருந்திருவிழாவாக நடப்பதைக் காணலாம். மணவீட்டில் கம்பர் பாடியதாக வழங்கும் மங்கல வாழ்த்தைக் குடிமகன் பாடக் கேட்கலாம்.

வள்ளி கும்மியோ புத்துயிரே பெற்றுவிட்டது. சிற்றூர்த் திடல்களில் சிறுமியரும் தாய்மாரும் நூற்றுக்கணக்கில் வரிசை நின்று, வள்ளி திருமணக் கதையைப் பாடி அடிவைத்து ஆடுகின்றனர். மேட்டுப்பாளையம் பகுதியில் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் என்னும் முதுபெரும் கலைஞருக்கு, ஒயில் கும்மிக் கலையைக் காத்து, பெண்களுக்கும் பயிற்றுவித்தமைக்காக 2024-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கலைக்களஞ்சியம் கண்டவருக்கு 1968-ல் கிடைத்த மதிப்பின் வரிசையில், கும்மியாட்டக் கலைஞர் ஒருவருக்கும் இடம் கிடைத்தது. காலம் மாறத்தான் செய்கிறது.

இத்தகைய திடல்களில் நாமும் நின்று கேட்டிருக்கிறோம். ஒரு முறை திருவிழா ஒன்றில் ஒரு பக்கம் உடுக்கைப் பாட்டு. மறு பக்கம் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கிகளை அடுக்கித் திரைப்பாட்டு. கிழவர் பாடிக்கொண்டேதான் இருந்தார். உதடு அசைவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. கூட்டத்தில் இருந்த எவரும் அந்தப் பெட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. விழா நடத்தியோர் கலையை வெறுப்பவர்கள் அல்லர். உடுக்கைக்காரருக்குப் பணமும் கொடுத்தார்கள். கேட்பதற்கு அமைதி மட்டும் கொடுக்க மறந்துவிட்டார்கள். பிளாக்ஸால் விடுதியில் குடித்துவிட்டு வந்தோர் காத்த அமைதியைக் கோயில் திடலில் நாம் காக்க வேண்டாமா?

செய்ய வேண்டியவை

தூரன் 1987-ம் ஆண்டு ஜனவரி 20-ம் நாள் மறைந்தார். அவருடைய நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. அதாவது, அவை இன்று நம் எல்லோருடைய சொத்து. 'காற்றில் வந்த கவிதை'யை எந்தப் பள்ளியும் அச்சிடலாம். எந்த ஊர் நூலகமும் வைக்கலாம். எந்த ஆசிரியரும் வகுப்பில் படிக்கலாம். ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல் மாவட்டப் பள்ளிகளில் எத்தனையில் அந்நூல் இருக்கிறது என்று பெற்றோரும் ஆசிரியரும் பார்க்கட்டும். இல்லையென்றால் வாங்கி வைக்கட்டும். அது பெரிய செலவன்று.

அடுத்து, பாட்டி உயிரோடு இருக்கும் வீடு ஒவ்வொன்றிலும் ஓர் ஏடு கிடக்கிறது என்று கொள்ள வேண்டும். தூரன் கையால் எழுத வேண்டியிருந்தது. இன்று பள்ளிப் பிள்ளையின் வீட்டிலும் கைபேசி இருக்கிறது. பாட்டியின் தாலாட்டை அவள் குரலிலேயே பதிவு செய்ய ஐந்து நிமிடம் போதும். யார் பாடியது, எந்த ஊர், எப்போது பாடுவது என்று நான்கு வரி எழுதி வைக்கவும் வேண்டும்; அதுதான் தூரன் காட்டிய முறை. கோடை விடுமுறைக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது, இதுவே முதன்மையானது. பாட்டை மதிக்கிறோம், பாடுகிறவனை மதிக்கிறோமா? பறை இல்லாமல் திருவிழா இல்லை; ஆனால் பறையடிப்பவன் திடலின் ஓரத்தில். மங்கல வாழ்த்து இல்லாமல் மணம் இல்லை. ஆனால் அதைப் பாடும் குடிமகனைப் பெயர் சொல்லி, வயதைப் பாராமல் ஒருமையில் அழைக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அவன் மகன் அந்தப் பாட்டைக் கற்க மறுக்கிறான் என்றால் குற்றம் யாருடையது? இழிவோடு சேர்த்துக் கொடுக்கப்படும் கலையை எந்தத் தன்மானமுள்ள இளைஞன் ஏற்பான்? பாட்டு வாழ வேண்டுமானால் இழிவு சாக வேண்டும். உரிய கூலி, உரிய இருக்கை, மரியாதையான சொல் ஆகிய மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். கலை தானே தழைக்கும்.

அதேபோல, புத்துயிர் பெற்ற கும்மியைத் தங்கள் சாதியின் கொடிக்கம்பமாக ஆக்க நினைப்போர்க்கும் ஒன்று சொல்வோம். வள்ளி யார்? மலைக்குறவர் வளர்த்த மகள், தினைப்புனம் காத்தவள். அவள் கதையைப் பாடிக்கொண்டே பக்கத்தில் நிற்பவனின் பிறப்பைக் கேட்பது அந்தக் கதைக்கே அடுக்காது. கும்மி வட்டத்தில் எல்லாப் பெண்களுக்கும் இடம் வேண்டும். வட்டம் விரிந்தால் கும்மி வாழும்; சுருங்கினால் அது அணிவகுப்பாகிவிடும்.

குலப்பெயரைப் புனைபெயராகக் கொண்ட தூரன், குலத்துக்குள் அடங்கிவிடவில்லை. மஞ்சக்காட்டுவலசில் கேட்டதைத் தமிழகம் முழுவதற்கும் பொதுவாக்கினார். உலகம் அறிந்ததைக் கலைக்களஞ்சியத்தின் வாயிலாக மஞ்சக்காட்டுவலசுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஊரிலிருந்து உலகுக்கும், உலகிலிருந்து ஊருக்கும் இப்படி இருவழியும் பாதை போட்டவர் அரியர். அவருக்குச் சிலை வைப்போர் வைக்கட்டும். விழா எடுப்போர் எடுக்கட்டும். ஆனால் இந்த ஆண்டு உங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் ஒரே ஓர் இரவு, ஒரே ஒரு நாழிகை, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, உடுக்கைக்காரருக்கு நல்ல நாற்காலி போட்டு, ஊரார் அனைவரும் வேற்றுமையின்றி ஒரே தரையில் அமர்ந்து கேளுங்கள். தூரனுக்கு நாம் செலுத்தும் கடன் அதைவிட வேறு என்ன இருக்க முடியும்?